மூன்று டிகிரி சாபம்

ஸ்டென்ஹோல்ம் ஊரைச் சாபம் பிடித்திருக்கிறது என்ற செய்தி விஸ்கான்சின் பால் பண்ணைக்காரர்களிடையே பரவியதும், அதுவரை அந்த ஊர் கண்டிராத பெருமையெல்லாம் அதற்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மாலையானால் பழைய போர்வீரர் மன்றத்தின் முன்னால் பிக்கப் வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. முன்பு வறுத்த மீன் தின்ன வந்த கூட்டம்தான். இப்போது மீன் தட்டில் ஆறிக் கிடக்க, சாபத்தைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. மீனால் வயிறு நிறையும், சாபத்தால் பர்ஸ் காலியாகும். இரண்டில் எதற்கு மவுசு அதிகம் என்று சொல்லவா வேண்டும்?

சாபத்தைக் கண்டுபிடித்த மகான் பேராசிரியர் ஹார்லன் டீட்ஸ். எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைத் தாடி இருந்தது, பேசும்போது கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் என்ன பட்டம் வேண்டும்?

அவர் வித்தைக்கு வேண்டியது பள்ளிக்கூடங்களில் இருக்கும் ஒரு புரொஜெக்டர், இரண்டு கண்ணாடித் தாள்கள், ஒரு குண்டூசி. சிவப்புக் கோட்டுத் தாள், நூறு வருஷத்துக்கு முன் ஊரை முதன்முதலில் அளந்தவர் போட்ட படம். நீலக் கோட்டுத் தாள், போன வருஷம் அளந்த புதுப் படம். இரண்டிலும் அதே சாலை, அதே கிணறுகள், அதே தேவாலயங்கள். சிவப்பின் மேல் நீலத்தை வைப்பார். தாள்களின் ஓரம் ஒன்றுக்கொன்று நேராக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் மகா கண்டிப்பு. பிறகு ஊரின் தென்கோடியில் இருக்கும் லூத்தரன் தேவாலயத்தில் குண்டூசியைக் குத்துவார். அந்த இடத்தில் இரண்டு கோடும் ஒன்றாக இருக்கும். வடக்கே போகப் போகப் பிரிந்துகொண்டே போகும்.

"பூமி மூணு டிகிரி திரும்பிடுச்சு," என்பார், குரலைத் தாழ்த்தி. "உங்க வீடு நிக்கற இடத்துலதான் நிக்குது. கீழே ஓடின உயிர்க்கோடு விலகிப் போயிடுச்சு."

மாட்டுக்குப் பால் குறைந்தவர், முழங்கால் வலிக்காரர், மனைவி ஓடிப்போனவர் எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. பரிகாரமும் தயாராக இருந்தது. வீட்டின் நான்கு மூலையிலும் பேராசிரியர் கையால் தொட்ட செப்புக் குச்சி நடவேண்டும். வடக்கே போகப் போகச் சாபம் அதிகம், சாபம் அதிகமானால் குச்சியும் அதிகம். தன் தேவாலயம் மட்டும் இம்மி அசையவில்லை என்பதில் லூத்தரன் பாதிரியார் லிண்ட்குவிஸ்டுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அதை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அடக்கத்தோடு இரண்டு முறை சொன்னார்.

அந்த நீலப் படத்தை வரைந்தவள் மார்லிஸ். பக்கத்து நகரத்தில் நில அளவை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் படம் வரைவது அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம். தன் படம் ஊரை மொட்டை அடிப்பதைக் கேட்டதும் மன்றத்துக்குப் போய், எழுந்து நின்று, உண்மையைச் சொன்னாள். பழைய ஆள் காந்த முள் காட்டிய பக்கத்தை வடக்கு என்று எழுதிவிட்டுப் போனார், இப்போது மாநிலம் முழுவதற்கும் வரைபடத்துக்கென்று வகுத்த வேறொரு வடக்கு, இரண்டுக்கும் இடையில்தான் அந்த மூன்று டிகிரி, பழைய படம் கைக்கு வந்தால் அதைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் புதியதோடு பொருத்துவது தங்கள் அலுவலகத்தில் காபி குடிப்பது மாதிரி ஒரு வேலை என்றாள்.

பேராசிரியர் கண்ணை மூடிப் புன்னகைத்தார். "நன்றி சகோதரி," என்று சொல்லிக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "திரும்பியிருக்குன்னு ஆபீஸ்காரங்களுக்கும் தெரியும். தினமும் திருப்பி வெச்சு உங்ககிட்ட மறைக்கறாங்க. அவங்க வாயாலேயே வந்துடுச்சு."

கூட்டம் கைதட்டியது. அன்று செப்புக் குச்சி தீர்ந்துபோனது. அறிவைக் கொண்டுபோய்க் கொட்டினால் அதையும் அள்ளி வியாபாரம் செய்யத் தெரிந்தவன்தான் மகான் என்பது மார்லிஸுக்கு அன்று விளங்கியது.

சும்மா விட்டிருப்பாள். ஆனால் வடகோடியில், கத்தோலிக்கத் தேவாலயத்துக்கும் அப்பால் இருக்கும் கடைசிப் பண்ணை அவள் அக்கா வெர்னாவுடையது. அங்கே நீலக்கோடு மாட்டுக்கொட்டகையை விட்டு ஒரு வயல் தூரம் தள்ளிப் போயிருந்தது. இவ்வளவு பெரிய சாபத்துக்குக் குச்சி போதாதாம். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி மூன்று டிகிரி திருப்பி வைக்கவேண்டுமாம். அந்தப் பக்கத்தில் வீட்டைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, ஆகவே யாருக்கும் அது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை. ஆள் பிடித்துத் தருவது பேராசிரியர் பொறுப்பு. செலவுக்கு வெர்னா மாடுகளை விற்கிறாள். மாடுகளை ஏற்றிப்போகத் திங்கட்கிழமை லாரி வருகிறது.

மார்லிஸ் போனபோது வெர்னா கொட்டகையில் டாக்னி என்ற கிழட்டுப் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, திரும்பினது தாளு. பூமி இல்ல."

"ஏதோ ஒண்ணு திரும்பியிருக்குல்ல? உன் மாமா ஆர்வின் இடுப்பைக் கேட்டுப் பாரு. ரெண்டு மாசமா மனுஷன் படுத்த படுக்கை."

"மாமா வைக்கோல் கட்டைக் குனிஞ்சு தூக்கினாரு. அதுக்குப் பூமி என்ன பண்ணும்?"

"உனக்கென்னடி, நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கே. பாலும் போயி, மனுஷனும் படுத்துட்டா, காரணம்னு ஒண்ணு வேணும். காரணமே இல்லாம எப்படித் தூங்கறது?" என்றாள் வெர்னா.

மார்லிஸுக்கு அக்காவின் மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. ஒன்று மட்டும் புரிந்தது. இந்த ஜனங்களுக்கு விளக்கம் சொன்னால் ஏறாது. வித்தைதான் காட்டவேண்டும்.

லாரி வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, குச்சி வாங்குகிறவர்கள் வரிசையில் அவளும் நின்றாள். பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். முறை வந்ததும் மார்லிஸ் பணிவாகக் கேட்டாள்.

"எங்க அக்கா பண்ணையோட சாபத்தை இன்னொரு தடவை காட்டுங்க ஐயா. ஆனா ஊசியை வடக்கே கத்தோலிக்கக் கோவில்ல குத்திக் காட்டுங்க."

"ஊசி குத்தறது புனிதமான இடத்துலதான் சகோதரி," என்று அவசரத்தில் சொல்லிவிட்டார் மகான்.

வெள்ளிக்கிழமை மீன் தின்ன வருகிறவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர்கள். மூலை மேஜையிலிருந்து கத்தோலிக்கச் சாமியார் கெஸ்லர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப எங்க கோவில் என்ன ஐயா, மாட்டுக்கொட்டகையா?" என்று நிதானமாகக் கேட்டார்.

மகானுக்கு வேறு வழி இல்லை. ஊசியைப் பிடுங்கினார். தாளின் ஓரம் நேராக இருக்கும்படியே நீலத்தை நகர்த்தி, கத்தோலிக்கத் தேவாலயத்தில் குத்தினார். திரையில் வடக்குப் பக்கம் பளிச்சென்று பொருந்தியது. வெர்னாவின் பண்ணைச் சாபம் கிட்டத்தட்டக் காணாமல் போனது. தெற்கேதான் வந்தது வினை. இம்மி அசையாத லூத்தரன் தேவாலயம் இப்போது ஒரு வயல் தூரம் விலகி, நீலக்கோட்டின்படி பக்கத்துப் பன்றிப் பட்டியில் போய் நின்றது. பாதிரியார் லிண்ட்குவிஸ்டின் முள்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

"நம்ம கடையில குத்துங்கப்பா," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான் ஊர் நடுவில் மதுக்கடை வைத்திருக்கும் ரூடி.

இந்த முறை மார்லிஸே குத்தினாள். இரண்டு தேவாலயமும் ஆளுக்கொரு பக்கம் விலகி நிற்க, ஊரிலேயே சாபம் தீண்டாத ஒரே புண்ணியத்தலமாக மதுக்கடை விளங்கியது. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மன்றமே சிரித்தது.

"ஊசி எங்க குத்தினா அங்க சாபம் இல்ல. எவ்வளவு தள்ளி இருக்கீங்களோ அவ்வளவு சாபம்," என்றாள் மார்லிஸ். "ஒரு இடத்தைப் பொருத்திட்டு நிறுத்தினா இப்படித்தான். ரெண்டாவது இடத்தையும் பொருத்தணும். ஊசி அப்படியே இருக்கட்டும், இப்ப பாருங்க."

சிவப்புத் தாளை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, நீலத் தாளின் ஓரத்தை ஒரு விரலால் மெல்லத் தள்ளினாள். மகான் நேராக இருக்கவேண்டும் என்று கட்டிக் காத்த ஓரம் கோணியது. லூத்தரன் தேவாலயம் லூத்தரன் தேவாலயத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அந்தக் கணமே கத்தோலிக்கத் தேவாலயமும், பாலமும், ஒவ்வொரு கிணறும், கடைசியில் வெர்னாவின் கொட்டகையும் தத்தம் இடத்தில் ஒட்டிக்கொண்டன. சிவப்பும் நீலமும் ஒரே கோடு.

பேராசிரியர் சளைக்கவில்லை. கண்ணை மூடி, கையை விரித்தார். "பாத்தீங்களா, ஒரு விரல்ல பூமியை நேராக்கிட்டாங்க. இந்தச் சகோதரிகிட்ட சக்தி இருக்கு."

முன்வரிசைக் கிழவி ஒருத்தி உடனே மார்லிஸின் சட்டைக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் மகன் கல்யாணத்துக்கும் அப்படியே ஒரு விரல் தள்ளச் சொன்னாள். மார்லிஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து வெர்னா எழுந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று, தன் தடித்த விரலால் தாளைத் தள்ளினாள். நீலக்கோடு கொட்டகையை விட்டு வெளியே போனது. திரும்பத் தள்ளினாள். உள்ளே வந்தது. போனது, வந்தது.

"என்கிட்ட ஒரு சக்தியும் இல்ல," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "எனக்கும் வருது." பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "இதுக்காடா என் மாட்டை விக்கச் சொன்னே?"

ஒவ்வொருவராக வந்து தள்ளிப் பார்த்தார்கள். கிழவியும் தள்ளிப் பார்த்தாள். பிறகு வரிசை மறுபடி நின்றது, இம்முறை குச்சியைத் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்க. கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிச் சமையலறை வழியாக நழுவிய மகான் தன் வேன் வரைக்கும்தான் போக முடிந்தது. அவரைப் பார்க்க வந்த பிக்கப் வண்டிகள் முன்னும் பின்னும் அதை அடைத்துக்கொண்டு நின்றன.

வெர்னா மன்றத்துத் தொலைபேசியிலேயே லாரிக்காரனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சொன்னாள். ஆர்வினை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று தங்கையிடம் தானாகவே சொன்னாள்.

தாளை மூன்று டிகிரி திருப்ப ஒரு விரல் போதும். அந்த விரலை நீட்டித் தானே ஒருமுறை தள்ளிப் பார்க்கலாம் என்று தோன்றுவதற்குத்தான் ஸ்டென்ஹோல்முக்கு அத்தனை வெள்ளிக்கிழமைகள் பிடித்தன. உங்கள் ஊரில் ஊசி எங்கே குத்தியிருக்கிறது, யார் குத்தினார்கள் என்று என்றைக்காவது பார்த்தீர்களா?