தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள்

ரசிகர்களில் இரண்டு வகை உண்டு. பாட்டைக் கேட்டவர்கள் ஒரு வகை. அந்தப் பாட்டு நடந்த இடத்தில் நின்றவர்கள் மறு வகை. முதல் வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாவம், கேட்டார்கள், பிடித்திருந்தால் தலையாட்டினார்கள், போய்ப் படுத்தார்கள். இன்று உங்களுக்கு நான் அறிமுகம் செய்யப்போவது இரண்டாம் வகையை. இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'அங்கே இருந்தவர்'. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். தெருவில் இல்லையென்றால் வீட்டுக்குள் தேடிப் பாருங்கள்.

ராக் என்றும் பாப் என்றும் சொல்கிறார்களே, அந்த இசையின் சரித்திரத்தில் சில பெரிய நாட்கள் உண்டு. நாட்டுப்பாடல் பாடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் திடீரென்று மின்சார கிதாரோடு மேடையேற, கூட்டத்தில் பலர் கூச்சல் போட்டார்களே, அந்த நாள். நாலு பேர் குளிரில் மொட்டை மாடியில் நின்று பாட, கீழே தெருவே அண்ணாந்து பார்க்க, கடைசியில் போலீஸ்காரர்கள் படியேறி வந்தார்களே, அந்த நாள். பண்ணை நிலமொன்றில் மழையிலும் சேற்றிலும் லட்சக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த நாட்கள். ஒருவர் தன் கிதாரை மேடையிலேயே வைத்துக் கொளுத்திய நாள். பஞ்சத்துக்கு நிதி திரட்ட ஒரே தினத்தில் இரண்டு கண்டங்களில் பாடிய நாள். இந்த நாட்களில் எல்லாம் 'அங்கே இருந்தவர்' அங்கே இருந்தார். சேறு அவர் சட்டையில் பட்டது. கிதார் எரிந்த புகையில் அவர் இருமினார். மாடிக்கு எப்படிப் போவது என்று போலீஸ்காரர் அவரிடம்தான் வழி கேட்டார். இரண்டு கண்டத்துக் கச்சேரியில் இரண்டு கண்டத்திலும் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். தாம் பிறப்பதற்கு முன்பே அங்கே போய்விட்டவர்களும் இவர்களில் உண்டு.

ஆளை அடையாளம் காண்பது எளிது. எங்காவது பழைய பாட்டு ஒலிக்கும். இவர் கையிலிருக்கும் காப்பியைக் கீழே வைப்பார். கண்ணை மூடுவார். ஒரு பெருமூச்சு. நீங்கள் "என்ன சார்?" என்று கேட்டே ஆகவேண்டும், கேட்காவிட்டால் இன்னொரு பெருமூச்சு, முன்னதைவிட நீளமாக. கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அந்த 'ஒண்ணுமில்ல'யை நம்பி எழுந்து போக முயன்றவர்கள் யாரும் தப்பியதில்லை. "ரெக்கார்டுல வர்றதெல்லாம் ஒரு பாட்டா? அன்னைக்கு நேர்ல கேட்டவங்களுக்குத்தான் தெரியும்" என்று தொடங்குவார். அப்புறம் நீங்கள் பஸ்ஸை விடுவீர்கள்.

எனக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவர் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. அவருடைய கடையில் பெரிய நாற்காலி ஒன்று உண்டு. அதில் உங்களை உட்காரவைத்து, சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கின் மேல் ஏற்றி, அதில் வில்லை மேல் வில்லையாகச் செருகுவார். அந்தச் சட்டம் அரைக்கிலோ கனக்கும். அதோடு எழுந்து ஓட முடியாது. ஓடினாலும் வாசல் தெரியாது. "மூணாவது வரிசை படிங்க" என்பார். நீங்கள் படிப்பீர்கள். "நாலாவது?" நீங்கள் தடுமாறுவீர்கள். அந்த இடத்தில், வில்லையைக் கையில் வைத்துக்கொண்டே, பெருமூச்சு விடுவார்.

அவர் அங்கே இருந்தது எங்கே? எங்கள் ஊரிலேயேதான். பல வருஷங்களுக்கு முன்னால், யாருக்கும் பெயர் தெரியாத நாலு பையன்கள் கொண்ட ஒரு வெளிநாட்டு இசைக்குழு, கப்பல் மாறுவதற்காக இங்கே இறங்கி, கைச்செலவுக்காகத் துறைமுகத் தொழிலாளர் மண்டபத்தில் ஒரு மாலை வாசித்தது. நடுவில் மின்சாரம் போய்விட்டது. பாடகன் மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்து, மைக் இல்லாமல் ஒரு பாட்டுப் பாடினான். மேளக்காரன் வெறும் மரப்பெட்டியைத் தட்டினான். அதே பாட்டை அதே மாதிரி பிற்பாடு ரெக்கார்டு செய்து வெளியிட்டார்கள்; உலகம் முழுக்க அதைப் பாடியது. எங்கள் ஊர் இசைச் சரித்திரத்தில் ஏறிவிட்டது. அதோடு, அந்த மண்டபத்தில் அன்று இருந்தவர்களின் தொகையும் ஏறத் தொடங்கியது. வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. இப்போதிருக்கும் கணக்குப்படி பார்த்தால், மண்டபத்தின் சுவர்கள் அன்று ரப்பரால் ஆனவையாக இருந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரர் சொல்லும்போது மட்டும் அது வேறு. மெழுகுவர்த்தி ஏற்றியதைச் சொல்வார். ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டதைச் சொல்வார். மேளக்காரன் தட்டிய தட்டை உங்கள் நாற்காலிக் கைப்பிடியிலேயே தட்டிக் காட்டுவார். கடைசி வரியில் பாடகன் குரல் லேசாக உடைந்ததைச் சொல்லும்போது, நம்புங்கள், நானே நாலாவது வரிசையை மறந்திருக்கிறேன். நடுவே "புதுச் செருப்பு வேற, ஒரே கடி" என்று ஒரு வார்த்தை போடுவார். இந்த இனத்தின் பெரிய வித்தை இதுதான். சொந்தக் காலைக் கடித்த செருப்பை யார் சந்தேகப்படுவார்கள்?

கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து, வாடிக்கையாளரின் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்கிறவர். ஆனாலும் "ம்... அப்புறம்?" என்று புதிதாகக் கேட்பதுபோல் கேட்பார். ஒரே ஒரு தடவை, என் எதிரிலேயே, "லாரிச் சத்தம் பாட்டுக்கு இடைஞ்சலா இல்லையாங்க?" என்றார்.

"லாரியா? மண்டபத்துக்குள்ள ஏது லாரி? மெழுகுவர்த்திங்கறேன், நீ லாரிங்கற! குறுக்க பேசாத."

அந்த அம்மா சிரித்துக்கொண்டு அடுத்த கண்ணாடியை எடுத்தார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா பல் டாக்டர். முதல் சந்திப்பில் வீட்டு விஷயங்கள் பேசி முடித்ததும், வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. கண்ணாடிக்காரர் காப்பியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்த்தால், எதிரே டாக்டரும் காப்பியைக் கீழே வைத்திருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"சம்பந்தி, நீங்களும்...?"

"இருந்தேன் சம்பந்தி. நீங்க எந்தப் பக்கம்?"

"நீங்க?"

இருவருக்கும் மற்றவர் முதலில் சொன்னால் தேவலை என்று இருந்தது. கடைசியில் டாக்டர், "அங்க ஒரு தூண் இருந்துச்சே..." என்று இழுத்தார்.

"ஆமா, தூண்! அதுக்குப் பின்னாடிதான் நானும்!"

"அப்போ ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்திருப்பீங்களே அப்பா" என்றாள் மகள்.

"இருட்டு!" என்றார்கள் இருவரும்.

சம்பந்திகளுக்குள் இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை. மெழுகுவர்த்தி என்று ஒருவர் சொன்னால், சிவப்பு மெழுகுவர்த்தி என்று அடுத்தவர் திருத்துவார். முன்னவர் உடனே ஆமாம், சிவப்புதான் என்பார். கண்ணாடிக் கடையிலாவது நாம் குறுக்கே பேசலாம். டாக்டரிடம் கதை கேட்பவருக்கு வாய் திறந்தே இருக்கும், பேச மட்டும் முடியாது.

இந்தச் சமயம் பார்த்து உள்ளூர் வானொலி நிலையம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. அன்றைய கச்சேரியை யாரோ ஒரு மாலுமி கைக்கேமராவில் படம் பிடித்திருக்கிறாராம். படச்சுருள் இப்போது கிடைத்துவிட்டதாம். அதே மண்டபத்தில் திரையிடுவார்களாம். 'அன்று வந்திருந்த அத்தனை பேரும் குடும்பத்தோடு வருக, திரையில் உங்களையே காண்க' என்று அறிவிப்பு வேறு.

"அப்பா, உங்களைச் சின்ன வயசுல பாக்கப் போறோம்!" என்று மகள் குதித்தாள். சம்பந்தி வீட்டுக்கும் அவளே சொல்லிவிட்டாள்.

கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மாலை அவர் உண்மையில் எங்கே இருந்தார் என்று கேட்டால், அது அவருக்கே மறந்து எவ்வளவோ காலமாயிற்று. மண்டபத்தில் இல்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி எதிரில் மானம் போகப்போகிறது. அதைவிட, மகள் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது? அந்த வாரம் அவர் கொடுத்த கண்ணாடி எதுவும் சரியாக இல்லை. எனக்குக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். படி என்னை நோக்கி ஏறி வந்தது. திரும்பிப் போய்ச் சொன்னால், "சார், ஒரு கச்சேரியில எல்லா மூஞ்சியும் படத்துல விழுமா?" என்று என்னையே கேட்டார்.

திரையிடும் நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. நானூறு பேருக்குக் குறையாது. எல்லோரும் அன்று இருந்தவர்கள். ஆளுக்கொரு குடும்பம். எல்லோர் முகத்திலும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் களை. விளக்கை அணைத்தார்கள்.

திரையில் முதலில் தெரிந்தவை நாற்காலிகள். வரிசை வரிசையாக, காலியாக. முன்னால் மட்டும் ஒரு நாற்பது, ஐம்பது பேர். மேடையில் நாலு ஒல்லிப் பையன்கள். சட்டென்று எல்லாம் கறுத்தது, மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தியை எதிர்பார்த்து நானூறு பேரும் காத்திருக்க, பக்கக் கதவு திறந்து, பளீரென்று ஒரு வெளிச்சம் மண்டபத்துக்குள் பாய்ந்தது. வாசலில் நின்ற மீன் லாரியை உள்ளே பார்க்கத் திருப்பி, முகப்பு விளக்கைப் போட்டிருக்கிறார்கள்! மெழுகுவர்த்தி மருந்துக்கும் இல்லை. எனக்குப் பின்னால் யாரோ, "லாரி... ஆமா, லாரியும் இருந்துச்சு" என்று தன் பேரனிடம் முணுமுணுத்தார்.

லாரி வெளிச்சத்தில் முன்வரிசை துல்லியமாகத் தெரிந்தது. அங்கே நாற்காலி மேல் ஏறி நின்று ஒரு பெண், செருப்பைக் கழற்றி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, மரப்பெட்டித் தாளத்துக்கு டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தாள். கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"அம்மா!" என்று மகள் கத்தினாள்.

விளக்கைப் போட்டுவிட்டார்கள். வானொலிக்காரர் மைக்கோடு ஓடி வந்தார். "அம்மா, அது நீங்களா? நீங்க இங்க இருந்தீங்களா?"

"ஆமாங்க."

"அப்போ இவங்கள்லாம் எங்க இருந்தாங்க? உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தார்?"

நானூறு பேரின் மானமும் கண்ணாடி துடைக்கும் அந்த இரண்டு கைகளுக்குள் இருந்தது. பல் டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார். கண்ணாடிக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மகள் முகம் தெளிவாகத் தெரியாமல் இருந்தால் நல்லது என்று நினைத்திருப்பார்.

அம்மா ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். "வெளிச்சம் முன்னாடி மட்டும்தாங்க இருந்துச்சு" என்றார். "தூணுக்குப் பின்னாடி ஒரே இருட்டு. அங்க யார் யார் நின்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முதலில் கைதட்டியது பல் டாக்டர். அப்புறம் நானூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அந்த நாலு பையன்களுக்கு அன்று அவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது. அந்த ஒற்றைத் தூண் அத்தனை பேரையும் மறைத்தது. கல்யாணத் தேதியை அங்கேயே குறித்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் கண்ணாடிக்காரர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாராம். பிறகு, "இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டாராம்.

"சொல்லி என்ன பண்றது? அந்த லாரி இஞ்சினை ஆஃப் பண்ணவே இல்ல. எனக்கு ஒரு வரிகூடச் சரியாக் கேக்கல. நீங்க சொல்லித்தான் அந்தப் பாட்டை நான் முழுசாக் கேட்டேங்க."

இதை என்னிடம் சொன்னபோது கண்ணாடிக்காரர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு இளகிவிட்டது, மறைப்பானேன். ஒரு பொய்யைப் பொக்கிஷமாகக் கேட்டுக்கொள்ள ஒருத்தி கிடைப்பது எல்லோருக்கும் வாய்க்காது. ஆள் இனித் திருந்திவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் புதுக் கண்ணாடிக்காகப் போயிருந்தேன். சட்டத்தை மூக்கில் மாட்டினார். மூன்றாவது வரிசை. நாலாவது வரிசை. பெருமூச்சு.

"அன்னைக்குக் கரண்டு போச்சு பாருங்க. எல்லாரும் முழிக்கிறாங்க. நான்தான் ஓடிப்போய், 'அண்ணே, லாரியை இப்படித் திருப்புங்க'ன்னு டிரைவர்கிட்டச் சொன்னேன்."

கல்லாப் பக்கத்திலிருந்து, "ம்... அப்புறம்?" என்று குரல் வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கு இந்த வியாதி இல்லை என்ற சிரிப்பு அது. நல்லது. ஆனால் இவ்வளவு நல்ல கதையை நெஞ்சுக்குள் பூட்டி வைக்க உங்களால் ஆகாது; இரண்டு நாளில் யாரிடமாவது சொல்வீர்கள். முதல் தடவை "எங்கேயோ படிச்சேன்" என்று தொடங்குவீர்கள். கேட்பவர் கொட்டாவி விடுவார். அடுத்த தடவை, "எனக்குத் தெரிஞ்ச ஒரு கண்ணாடிக் கடைக்காரர்" என்பீர்கள். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். மூன்றாம் தடவை சொல்லும்போது, அந்த மண்டபத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கும்.