சுத்த சைவ ரேடியேட்டர்

தலாத்துஓயா தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே கார் கொதிக்க ஆரம்பித்தது. ரேடியேட்டர் மூடி ஓரத்தில் ஆவி. முன்பக்கத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மஹ்மூத் பார்க்காதவன் போல ஓட்டினான். பின்னாலிருந்த, தோட்டத் தொழிலாளரை மேய்க்கும் பெரிய கங்காணி சேதுராமன் பார்த்துவிட்டார்.

“என்னாப்பா, வண்டிக்கு மூக்கு ஒழுகுது?”

“ஒண்டுமில்ல மொதலாளி. ஏத்தத்துக்குக் கொஞ்சம் தண்ணி கேக்குது.”

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கழித்துக்கட்டிய அந்தக் காரைக் கங்காணி வாங்கியதே இந்த நாளுக்காகத்தான். கண்டிக்கு ரயிலில் வந்திறங்கிய முருகன் சிலை, பட்டுச் சுற்றி, பூசாரி இராஜலிங்கத்தின் மடியில் இருந்தது. உச்சிப்பொழுதுக்கு முன் ஹேவாஹெட்டத் தோட்டத்துக் கோயிலில் அதை வைத்தாக வேண்டும்.

“நேரம் தப்புச்சுன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு” என்று கங்காணி புறப்படும்போதே சொல்லியிருந்தார். மாமனார் கடையில் மூட்டை தூக்குவதிலிருந்து தப்பித்து ஸ்டியரிங்கைப் பிடித்தவன் மஹ்மூத். மறுபடியும் அந்த மனிதரின் முகத்தில் விழிக்க அவன் தயாரில்லை.

ஓடைத் தண்ணீரை ஊற்றினான். ஊற்றிய வேகத்திலேயே ஒழுகியது. துணி துவைக்கும் சவர்க்காரத்தைப் பிசைந்து ஓட்டையில் அப்பினான். கொஞ்ச தூரம் தாங்கியது.

“ஆவியெல்லாம் மூடி வழியால்ல போவுது! துணிய வச்சு இறுக்கிப் பூட்டு” என்றார் கங்காணி.

“ஆவி போறதுக்கு வழி வேணும் மொதலாளி.”

“கார் என்னோடதா, ஒன்னோடதா?”

இறுக்கிப் பூட்டினான். அடுத்த வளைவில் உள்ளே அழுத்தம் ஏறி, சவர்க்காரக் கட்டி வெடித்துப் பறந்தது. சின்ன ஓட்டை பெரிய ஓட்டையானது. காற்றில் திரும்பி வந்த நுரை, பூசாரியின் திருநீற்றுப் பட்டையை அழித்துவிட்டது.

கங்காணியும் பூசாரியும் சிலையோடு வளைவுக்கு அப்பால் மரநிழலில் போய் உட்கார்ந்தார்கள். மஹ்மூத் தலையில் கை வைத்து நின்றான். அப்போது கூடையோடு ஒரு பெண் வந்தாள், பாலம்மா. கூடை நிறைய வைக்கோல், வைக்கோலுக்குள் முட்டை. கண்டியில் டிரைவர்மார் சொல்லும் வைத்தியம் அவனுக்கு நினைவுக்கு வந்தது: வெள்ளைக்கரு உள்ளே வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

“அக்கா, ரெண்டு முட்டை தாங்களேன்.”

“எல்லாம் சொல்லி வச்ச முட்டை, நானா” என்று முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் சொன்னாள். “மேல தோட்டத்துல ஒருத்தருக்கு வாராவாரம் குடுக்கிறது. கொறஞ்சா ஏசுவாரு.”

“என்ட வேலையே போகப்போகுது அக்கா.”

பாலம்மா இரக்கப்பட்டுக் கொடுத்தாள். குறுக்குப் பாதையில் ஏறிப் போய்விட்டாள்.

மஹ்மூத் வெள்ளைக்கருவை ரேடியேட்டருக்குள் ஊற்றி, தண்ணீர் நிரப்பி, இருவரையும் சிலையோடு ஏற்றிக்கொண்டான். சொட்டு நின்றது! கார் முக்காமல் முனகாமல் ஏறியது. மஹ்மூத்துக்கு வந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பூசாரியின் மூக்கு விடைக்கும்வரை.

“நிறுத்து! முட்டை வாசம்.”

“அது மோட்டார் வாசம் சாமி.”

“யாருகிட்டக் கதை விடுற? முட்டைதான். அதுவும் நாட்டுக்கோழி முட்டை. பதமா வெந்திருக்கு.”

கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “மச்ச மாமிசம் தொடாதவருக்குத்தான் மூக்கு இப்பிடி வேல செய்யும்!”

மஹ்மூத் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று.

“முட்டை ஓடுற வண்டியில முருகன் வரமாட்டாரு. கொட்டு அந்தத் தண்ணிய!” என்று பூசாரி நடுரோட்டில் இறங்கி நின்றார்.

கொட்டினான். சுரண்டினான். அடைப்போடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் தகரமும் பெயர்ந்து வந்தது. அதற்குச் சைவ வைத்தியமும் பூசாரியே சொன்னார். பூசைக்கு வைத்திருந்த மஞ்சள்தூளையும் பச்சரிசி மாவையும் கரைத்து ஊற்றச் சொன்னார். ஊற்றிக் கிளப்பினால், ரேடியேட்டர் மஞ்சள் கஞ்சியைக் கக்கிவிட்டு, குறுக்குப் பாதை வந்து சேரும் வளைவு முடக்கில் அப்படியே அடங்கிவிட்டது.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேலே கோயிலில் மேளம் கேட்டது.

“சாவியக் குடு” என்றார் கங்காணி.

“மொதலாளி, நான் வேணுமெண்டா செஞ்ச?”

“சாமி காரியத்துல மச்சத்தக் கலந்தவனுக்கு என்கிட்ட வேல இல்ல.”

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு, “சிவ சிவா” என்றார். மஹ்மூத் சாவியை நீட்டினான். மாமனாரின் மூட்டைகள் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

குறுக்குப் பாதையிலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்த பாலம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினாள்:

“பூசாரியையா, கோவிச்சுக்காதீங்க. இந்த வாரம் ஒங்க முட்டையில ரெண்டு கொறையும்; இந்த நானா காருக்கு வேணுமுன்னு வாங்கிட்டாரு.”