பிளேட் வைத்த கையால் சம்பந்திக்கு

சம்பந்தியாகப் போகும் பெரியவர் அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் வலது மேற்கையைத் தவிர. அங்கே தாங்களும் வீட்டம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. வீட்டம்மா எடுத்து, "அவர் குளிக்கிறாருங்க" என்கிறார்கள். இப்படிக் குளித்தால் மனிதர் கரைந்துவிடுவாரே என்ற கவலையில்தான் இந்தக் கடிதம்.

நடந்ததில் தங்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. கல்யாணப் பேச்சு நல்லபடியாக முடிந்து, டீயும் குடித்துவிட்டு, கௌரவமாக எழுந்திருக்க வேண்டிய இரண்டு பெரிய மனிதர்கள், "லிஃப்ட் மெக்கானிக் கைன்னா சும்மா இல்ல" என்று தாங்களும், "நான் பரம்பரையா கத்தரி பிடிச்ச கை" என்று நானும் ஆரம்பித்து, சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றி, யார் கையை யார் மடக்குவது என்று இறங்கிவிட்டோம். எலும்பு முறிந்த சத்தம் கேட்டு ஓடிவந்த என் மனைவி முதலில் குனிந்து பார்த்தது மேசைக் காலைத்தான். மேசைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே என்னைப் பார்த்தாள்.

தாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது உள்ளே நடந்தது தங்களுக்குத் தெரியாது. எலும்பு டாக்டர்கள் இருவர். பெரியவர் மாமனார், சின்னவர் அவருடைய மாப்பிள்ளை. என் எலும்பு பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு உடைந்திருக்கிறது, பிளேட் வைத்து ஸ்குரு போட வேண்டும் என்பது வரை இருவருக்கும் ஒற்றுமைதான். எந்தப் பக்கமாக உள்ளே போவது என்பதில்தான் தகராறு. அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறதாம். மணிக்கட்டைத் தூக்குவது அதுதானாம். அதற்கு ஏதாவது ஆனால் கை ஈரக் கைக்குட்டை மாதிரி தொங்குமாம்.

"முன்பக்கமாத்தான் போகணும்," என்றார் மாமனார். "மல்லாக்கப் படுக்க வெச்சு, தசையைப் பிரிச்சு, நேரா எலும்புக்குப் போயிடலாம். நரம்பு தசைக்குப் பின்னாடி பத்திரமா இருக்கும். அதை நாம பாக்கவே வேண்டாம்."

"பாக்காம இருக்கறதுதான் மாமா பயமே. பின்பக்கமா போனா நரம்பைக் கண்ணால பாத்து, ஒதுக்கி வெச்சுட்டு வேலை செய்யலாம்."

"முப்பது வருஷமா நான் முன்பக்கமாத்தான் போறேன்."

"தெரியுமே. அதான் காரை ரிவர்ஸ் எடுக்கறப்பல்லாம் கேட்டை இடிக்கறீங்க."

என் கடைக்கு வருகிறவன்கூட முன்னாடி குறை, பின்னாடி விடு என்று வாய்திறந்து சொல்லிவிட்டுத்தான் தலையைக் கொடுக்கிறான். இங்கே கை என்னுடையது, என்னை யாரும் கேட்கவில்லை. "சார், திரும்பக் கத்தரி பிடிப்பேனா?" என்று நானாகக் கேட்டேன். இருவரும் ஒரே குரலில், "பிடிப்பீங்க" என்றார்கள். எந்த வழியாக என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் தியேட்டர் நர்ஸ் வந்து, "ஆளைப் படுக்க வைக்கணும். மல்லாக்கவா, குப்புறவா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். மாமனார் எக்ஸ்ரேயை மறுபடி தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "விரிசல் முழங்கைகிட்ட வரைக்கும் இறங்கியிருக்கு. முன்பக்கம் பிளேட்டுக்கு இடம் பத்தாது. குப்புறப் போடு."

"தாங்க்ஸ் மாமா."

"தாங்க்ஸெல்லாம் வீட்டுல சொல்லு. நரம்பை நான் பிடிச்சுக்கறேன், நீ ஸ்குருவைப் போடு."

அவ்வளவு பத்திரமாகப் பிடித்தும் எழுந்தபோது மணிக்கட்டு தொங்கிவிட்டது. "நரம்பு முழுசா இருக்கு. முறிஞ்சப்போ இழுபட்டதுல கோச்சுக்கிட்டிருக்கு, வரும்" என்றார் சின்னவர். இதைக் கேள்விப்பட்டுத்தான் தாங்கள் தலைமறைவாகியிருக்க வேண்டும். பொய் சொல்வானேன், நானும் பயந்துதான் போனேன். பூட்டிய சலூனைத் திறந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வருவேன். சீப்பைக் கொடுத்தால் கீழே போட்டது. மனைவி பார்க்காதபோது அழுதேன். அவளும் அப்படித்தான் அழுதிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. போன வாரம் காலையில் டீயில் ஈ உட்காரப் போனது. விரட்டினேன். எந்தக் கையால் என்று மனைவிதான் கத்திச் சொன்னாள். நேற்று ஒருவருக்கு முடிகூட வெட்டினேன். கொஞ்சம் கோணல்தான், ஆனால் அவர் காது இரண்டும் அவரிடமே இருக்கின்றன.

ஆகையால் இனிமேல் தங்களுக்குக் கூச்சமே வேண்டாம். பெரியவர்கள் முறுக்கிக்கொண்டதற்காகப் பிள்ளைகளின் கல்யாணம் நின்றுபோகக் கூடாது. தாங்கள் வந்து தேதி குறித்துத் தர வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். வீட்டம்மாவுக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்நோக்கும் எதிர்காலச் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் மகள் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பிளேட் வைத்த அன்று காலை, தாங்கள் வராந்தாவில் இருக்க, அவளும் மாப்பிள்ளையும் பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் நமக்கு ரொட்டியும் வாங்கி வந்தார்களாம். அந்தத் தேதி, நாம் கல்யாணப் பேச்சுக்கு உட்கார்வதற்கு முன்பே வாங்கி வைத்ததாம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிப்பீங்கன்னு நாங்க நம்பவே இல்லப்பா" என்கிறாள்.