மூடி போட்ட மின்முனை

மனிதகுலம் எத்தனையோ ஆய்வகங்களைக் கண்டிருக்கிறது. ஆனால் வாங்கிய பொருளைப் புதுக்கருக்கு அழியாமல் காப்பதில் அந்த ஆய்வகத்துக்கு ஈடு கிடையாது. நாற்காலிகளின் பாலித்தீன் உறையைக்கூட யாரும் கிழித்ததில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும்.

ஆகவே புதிய மின்முனை வந்த அன்றே இயக்குநர் ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டு ஆணையிட்டார்: "முனையில இருக்கிற ரப்பர் மூடியைக் கழட்டிடாதப்பா. தேஞ்சு போயிடும்."

கரைசலில் புரோமைடு அயனி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வதுதான் அந்த முனையின் பிழைப்பு. ஆராய்ச்சி மாணவியின் மூன்று வருட உழைப்பு அதை நம்பித்தான் இருந்தது. புரோமைடு ஏறி இறங்க, அவள் பீக்கரில் கரைசல் சிவப்பாகும், நீலமாகும், மறுபடி சிவப்பாகும். அந்த ஊசலாட்டத்தை வரைபடத்தில் காட்டினால் பட்டம். கருவியின் திரையிலோ ஆடாமல் அசையாமல் ஒரு நேர்கோடு.

முனையை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தவள் நேரே ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் கீப்பர் அவள் கணவன்.

"ஏங்க, மூடியோடயா கொடுத்தீங்க?"

"ஐயா உத்தரவும்மா."

"மழைக்கோட்டு போட்டுக்கிட்டுக் குளிச்சா உடம்பு நனையுமா?"

"நனையாதுதான்."

"இதை நாளைக்குக் குழு முன்னால சொல்வீங்களா?"

"சத்தியமா சொல்றேன். என் பொண்டாட்டிக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

மறுநாள் ‘உயர்நிலை மதிப்பீட்டுக் குழு’ சரசரப்போடு அமர்ந்தது. நேர்கோட்டைக் கண்டு இயக்குநர் உருகினார். "என்ன நிதானம்! என்ன கட்டுப்பாடு!"

"ஐயா, அதுல மூடி இருக்கு" என்று அவள் கழற்றிவிட்டாள். கோடு துள்ளி ஏறியது, சறுக்கி இறங்கியது, மீண்டும் ஏறியது.

"ஐயோ, கருவியைக் கெடுத்துட்டியேம்மா!"

"கெடல ஐயா. பீக்கரைப் பாருங்க, கலர் மாறுறது தெரியலையா?"

"கண்ணை நம்புறதா இருந்தா கருவி எதுக்கு வாங்கினோம்?"

இந்தத் தத்துவத்தில் குழு சொக்கிப்போனது. நேர்கோட்டின் கீழே அவள் கையெழுத்திட்டால் இன்றே பட்டம் என்று ஒருமனதாக முடிவானது.

ஓரமாக நின்றிருந்த கணவனை அவள் பார்த்தாள். அவனுக்கு மின்விசிறியில் அவசரமாக ஏதோ பார்க்க வேண்டியிருந்தது.

"மூடியைப் போடுப்பா" என்றார் இயக்குநர்.

போட்டான். நேர்கோடு. கைதட்டல்.

அவள் கையெழுத்திடாமல் வெளியே நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"கோவிச்சுக்காதம்மா. ஒரு கையெழுத்துதானே?"

"ஏங்க, இந்த மூடி பெரிய சைஸ்ல வருமா?"

"ஏன், ஐயா தலைக்கா?" அவன் சிரித்தான்.

"இல்ல, உங்க வாய்க்குன்னு நெனச்சேன். அப்புறந்தான் பார்த்தேன், ஏற்கெனவே போட்டிருக்கீங்க."