விற்பனைக்கு இல்லாத பூந்தி

"ஒண்ணாந்தேதிக்கு மேல கடையில ஒரு நாய் இருக்கக்கூடாதுங்ணா. பூனையும் கூடாது. மீனு, லவ் பேர்ட்ஸு, தீவனம், சங்கிலி, இதெல்லாம் விக்கலாமாம்" என்றான் ஜோஸ்வா.

பாலசுந்தரம் கூண்டுக்குள் கையை விட்டபடியே நின்றார். உள்ளே இருந்த நாய், பூந்தி, அவருடைய சுட்டுவிரலை நக்கிக்கொண்டிருந்தது. நகராட்சித் தீர்மானம் அதன் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

"நாயி இல்லாமச் சங்கிலிய எதுக்குடா விக்கறது?"

"அதைய நகராட்சியிலதான் கேக்கோணும். கூண்டுல அடைச்சு வெச்சு விக்கறது பாவமாம். கூட்டத்துல எல்லாரும் கையத் தூக்கிப்போட்டாங்க."

பாவம்தான் என்று பாலசுந்தரத்துக்கும் பட்டது. அதுதான் சங்கடம். அநியாயமான சட்டம் என்றால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கத்தலாம். நியாயமான சட்டம் வந்து தலையில் விழுந்தால் மனுஷன் யாரிடம் போய் அழுவது?

பாலசுந்தரம் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துபவர். ஜவ்வரிசி வியாபாரிக்கு லாரியும், லாரிக்காரருக்கு லோடும் பிடித்துக் கொடுப்பது தொழில். இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு, எந்தக் கொம்பனிடமும் வாடகையை இறக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் சாயங்காலமானால் ஜோஸ்வாவின் கடைக்கு வந்து பூந்திக்கு விலை கேட்பார். ஜோஸ்வா ஒரு விலை சொல்வான். இவர் பாதிக்குக் கேட்பார். அவன் மறுநாள் இன்னும் ஏற்றிச் சொல்வான். "அநியாயம் பண்றடா" என்று திட்டிவிட்டு, பூந்தியின் காதுக்குப் பின்னால் நன்றாகச் சொறிந்து கொடுத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்புவார். இது வெகுகாலமாக நடந்துவந்தது.

பூந்தியைப் பொமரேனியன் என்று நம்பித்தான் ஜோஸ்வா குட்டியாக வாங்கி வந்தான். வளர வளரக் காது ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் வேறு வேறு இனத்துக்குப் போய்விட்டன. வெள்ளை உடம்பில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. பெயர் வைத்தவர் பாலசுந்தரம்தான்.

வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். வீட்டில் உஷாராணி இருந்தாள்.

"ஏனுங்க, இன்னைக்கு அந்த நாயி என்ன பண்ணுச்சாமா?" தோசைக்கல்லில் எண்ணெய் விட்டபடி தினமும் அவளே ஆரம்பிப்பாள். உதவாக்கரைச் சொந்தக்காரனைப் பற்றி விசாரிக்கிற குரல் அது.

"நாயி இருந்தாத் திருடன் வரமாட்டான் உஷா."

"வந்து எடுக்கறதுக்கு ஊட்டுல என்னங்க இருக்குது? உங்க ஸ்கூட்டரையா? அவனே தள்ளிக்கிட்டுப் போகோணும்."

"டாக்டரு நடக்கச் சொன்னாரில்ல? நாயக் கூட்டிக்கிட்டு நடப்பேன்."

"கால் உங்களுக்கா, நாயிக்கா?"

வாதம் வலுத்த நாள்களில் பாலசுந்தரத்துக்குத் தட்டில் ஒரு தோசை கூடுதலாகவே விழும். ஆனால் முடிவு மட்டும் மாறாது. வேண்டாம் என்றால் வேண்டாம். மாவில் ரோமம் விழும், மாமன் வீட்டு விசேஷத்துக்குப் போனால் யார் பார்ப்பது, பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள் என்று அவளிடம் காரணங்கள் வற்றியதே இல்லை.

மகள் நர்மதா கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு, வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் பாலசுந்தரத்துக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று காலியாக இருந்தது. அவள் இருந்தவரை ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வருவாள். கல்லூரிக்குப் போகிற வயதிலும் ஓடி வந்தாள். இப்போது கேட்டின் கிரீச் சத்தம் மட்டும்தான் வரவேற்கிறது. தன்னைக் கண்டதும் ஓடி வருகிற ஒரு உயிர் வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. இதை உஷாராணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் திருடனையும் டாக்டரையும் துணைக்கு இழுத்தார்.

"அதுக்கு ஒரு வழி இருக்குது ஜோஸ்வா" என்றார் பாலசுந்தரம், கூண்டிலிருந்து கையை எடுத்து. "விற்பனைக்கு அல்லன்னு ஒரு அட்டை எழுதி மாட்டிப்போடு. விக்காத நாய யாரு என்ன பண்ண முடியும்?"

ஜோஸ்வா தலையைச் சொறிந்தான். "கேட்டுச் சொல்றனுங்ணா."

"யாருகிட்டடா கேக்கற?"

"அது... பூந்திகிட்டத்தானுங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான்.

அட்டை மாட்டியதும் விவகாரம் பெரிதாகிவிட்டது. அதுவரை பூந்தியை ஏறெடுத்துப் பார்க்காத ஊர், விற்பனைக்கு அல்ல என்றதும் விலை கேட்க ஆரம்பித்தது. காரில் வந்த ஒரு ஃபைனான்ஸ்காரர், "இது ஏதோ வெளிநாட்டு ரகமாட்டிருக்குது, என்ன விலைன்னாலும் சரி" என்று ஒற்றைக்காலில் நின்றார். ஜோஸ்வா வேர்த்து வழிந்தானே தவிர, விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பயலுக்கு இவ்வளவு நேர்மையா என்று பாலசுந்தரம் நெகிழ்ந்து போனார்.

கூட்டத்தைப் பார்த்துச் சுகாதார ஆய்வாளரும் வந்துவிட்டார். அட்டையைப் படித்தார்.

"கடையில விக்காத சரக்கு எதுக்குங்க?"

"சரக்கில்லைங்க சார், காவலுக்கு" என்றார் பாலசுந்தரம்.

"காவல்னா வெளிய இருக்கோணும். இது கூண்டுக்குள்ள இருக்குது. ஒண்ணாந்தேதி காலைல முதல் கடையா இங்கதான் வருவேன். இருந்துச்சுன்னா கடைக்குப் பூட்டு, நாயி காப்பகத்துக்கு."

பாலசுந்தரம் விலாசம் கேட்டார். காப்பகம் எங்கே இருக்கிறது என்று ஆய்வாளருக்கே தெரியவில்லை. அங்கே போய்விட்டால் சாயங்காலம் அதன் காதைச் சொறிந்து கொடுப்பது யார்?

அடுத்து அவருக்கு நினைவுக்கு வந்தவர் கோழிப்பண்ணை சின்னண்ணன். சேந்தமங்கலம் பக்கம் தோட்டம். கொட்டகை நிறைய முட்டைக்கோழி. இத்தனை உயிரோடு இன்னொரு உயிர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பூந்தியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் முட்டை வேன் ஆபீஸ் வாசலில் நின்றது. சின்னண்ணன் இறங்கினார். முகம் சரியில்லை.

"ஏனுங்க பாலு, கோழியப் பத்தி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?"

"குழம்பு வெச்சாத் தெரியுமுங்க."

"உங்க நாயி கொட்டாய்க்குள்ள பூந்து ஒரே ஒரு தடவதானுங்க கொலைச்சுது. அத்தனை கோழியும் கூண்டுக்குள்ள எகிறிக் குதிச்சுப்போட்டுது. இன்னைக்கு உழுந்தது பூராவும் தோல் முட்டை. ஓடே இல்லீங்க! தொட்டா அமுங்குது. இத லாரியில ஏத்துனா ஆம்லெட்டாத்தான் போய் எறங்கும்."

பூந்தி வேனிலிருந்து குதித்து வந்து பாலசுந்தரத்தின் மேல் தாவியது. சின்னண்ணனுக்கு முன்னால் சந்தோஷப்படக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டார். முடியவில்லை.

மூன்றாவதாகக் கைகொடுத்தவர் டிரைவர் யாகப்பன். அவருடைய லாரி லோடு இல்லாமல் ஆபீஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. "கேபின்ல கெடக்கட்டும் சார், எனக்கும் பேச்சுத்துணை" என்றார். பாலசுந்தரம் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு முன்பக்கம் வந்து உட்கார்ந்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து, மறுபடியும் இரண்டு போனையும் கையில் எடுத்தார்.

"சார், நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு. வண்டி அவசரமா வேணும்" என்றது இடது காது.

"இருக்குதுங்க. நம்ம யாகப்பன் வண்டி நிக்குது. இப்பவே அனுப்பறேன்" என்றார் பாலசுந்தரம். வலது காதில் யாகப்பனிடம் வாடகை பேசினார், இறக்கினார், கிளம்பச் சொல்லி முடித்தார். இத்தனை வருஷத் தொழில். நிற்கிற லாரியைக் கண்டால் வாய் தானாகவே லோடு போட்டுவிடும்.

டீ நேரத்தில் பூந்திக்கு ஒரு பன் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே லாரி நின்ற இடத்தில் ஆயில் சொட்டிய கறைதான் இருந்தது.

"ஐயோ, நாக்பூர்!" என்று அலறினார். யாகப்பன் வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். நல்ல டிரைவர் என்று அவரைப் பத்து பேரிடம் புகழ்ந்ததே அதற்காகத்தான்.

ஸ்கூட்டரை முடுக்கினார். சேலத்து மண்டியில் கேட்டதற்கு, வண்டி லோடு ஏற்றிக் கிளம்பிவிட்டது என்றார்கள். ஓமலூர் டோல்கேட் வரிசையில் எட்டிப் பிடித்துவிட்டார். முன் கண்ணாடியில் எலுமிச்சையும் மிளகாயும் ஆட, ஜன்னலில் காதுகள் பறக்க, மகாராணி போல உட்கார்ந்திருந்தது பூந்தி.

"எதுக்குங்க சார் இவ்வளவு தூரம்? நாக்பூர் போயிட்டு ரிட்டர்ன் லோடுல கூட்டியாந்திருப்பனே!" என்றார் யாகப்பன்.

"ரிட்டர்ன் லோடு கெடைக்கலைன்னா?"

"அங்கயே கொஞ்ச நாளு இருப்போம். நல்ல ஊருதான்."

பாலசுந்தரம் பூந்தியை இறக்கி ஸ்கூட்டரில் காலடியில் நிற்க வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அது தாடையை அவருடைய முழங்கால் மேல் வைத்துக்கொண்டு வந்தது. விடிந்தால் ஒண்ணாந்தேதி. கடை இல்லை, பண்ணை இல்லை, லாரி இல்லை. இவ்வளவு பெரிய உலகத்தில் இந்தத் தாடையை வைத்துக்கொள்ளத் தன் முழங்காலை விட்டால் வேறு இடமில்லை என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்க்காற்று என்று துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போவது என்று முடிவெடுத்தார். போகிற வழியில் வாதங்களைத் தயார் செய்தார். ஒரு ராத்திரி மட்டும் என்பது முதல் வாதம். வாயில்லா ஜீவன் என்பது இரண்டாவது. எதுவும் எடுபடாவிட்டால், நர்மதா போன பிறகு எனக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது உஷா என்று உண்மையைச் சொல்லிவிடுவது. இதைத்தான் வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவைகூட முழுதாக முடிக்க முடியவில்லை.

கேட்டைத் திறந்தார். உஷாராணி வாசலுக்கு வந்தாள். பூந்தியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"உஷா, ஒரே ஒரு ராத்திரி..."

"செரிங்க. இருக்கட்டும்."

பாலசுந்தரம் அடுத்த வாதத்துக்கு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். "இல்ல, வாயில்லா ஜீவன்..."

"அதான் இருக்கட்டும்னு சொல்லிப்போட்டனே. ஒரு ராத்திரி எதுக்கு, இங்கயே இருக்கட்டும்." அவள் ஒரு பழைய சாக்கை எடுத்து வந்து மூலையில் விரித்தாள். பூந்தி சுற்றிச் சுற்றி வந்து அதில் படுத்துக்கொண்டது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் பாலசுந்தரத்துக்குத் தோசை இறங்கவில்லை. அந்த நாய் என்ன பண்ணுச்சாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அதுதான் எதிரிலேயே படுத்திருக்கிறதே. அவரே ஆரம்பித்தார்.

"இன்னைக்கு நாக்பூருக்கு ஒரு லோடு போச்சு."

"ம்."

"ஜவ்வரிசி."

"செரிங்க."

அதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. உஷாராணி அடுப்பை அணைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் வாதத்தில் தோற்றவள் மாதிரி இல்லை; கையிலிருந்த எதையோ தொலைத்துவிட்டவள் மாதிரி இருந்தது. பாலசுந்தரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் ஜெயித்துவிட்டதாக அவருக்கும் தோன்றவில்லை.

கேட் கிரீச்சென்றது. ஜோஸ்வா கடையில் கூண்டு கழுவுகிற பாவாயி நின்றுகொண்டிருந்தாள். பூந்தியின் சோற்றுக் கிண்ணத்தையும் சங்கிலியையும் கொடுத்துவிடச் சொன்னானாம். உஷாராணி உள்ளே கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாலசுந்தரமே வாசலுக்குப் போய் வாங்கிக்கொண்டார்.

"பாவாயி, விலை இன்னும் பேசி முடிக்கலை. காலைல வந்து முடிச்சுக்கறேன்னு ஜோஸ்வாகிட்டச் சொல்லிப்போடு."

பாவாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னும் என்னுங் சாமி வெலை? குட்டியா இருக்கைலயே உங்க ஊட்டம்மாதான் காசக் குடுத்து வாங்கிப்போட்டாங்களே, 'இதைய ஊட்டுக்குக் கொண்டாந்துட்டா அவரு எங்கிட்டப் பேசறதுக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும் பாவாயி, இங்கயே இருக்கட்டும்'னு!"