நிற்காத ஜெனரேட்டரும் நான்கு தோள்களும்

ஜெனரேட்டருக்கு வெள்ளி பெயிண்ட் அடித்தது நான்தான். மைத்துனன் கண்ணனின் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது பற்றி என் மனைவி வீட்டில் ஏழு விதமான கதைகள் உலவுகின்றன. ஏழிலும் குற்றவாளி நானே என்பதால் மறுப்பு வெளியிட்டுப் பயனில்லை. (பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துவது என் தொழில். அன்று மட்டுமாவது அதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

ஆனி மாதக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. இடம், ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் மாமனார் வீடு. பத்தரைக்கு ராகு காலம். மறுநாள் ஆடி பிறக்கிறது. அதற்குள் லக்னப் பத்திரிகை வாசித்துத் தட்டு மாற்றாவிட்டால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் பேச்சளவிலேயே நின்றுபோயிருந்தன. மூன்றாவதை ஒரு மாதம் ஆறப்போட யாருக்கும் துணிவில்லை.

அன்று பார்த்துப் பராமரிப்புக்காகக் கரண்ட் இல்லை. என்னிடம் ஒரு பழைய ஜெனரேட்டர் இருந்தது. அதை நிறுத்தும் சுவிட்ச் உடைந்திருந்ததால் முந்தின வாரமே நானே புதிதாக ஒன்று மாட்டியிருந்தேன். சின்ன இன்ஜினின் சுவிட்ச், வீட்டு சுவிட்ச்சுக்கு நேர் எதிர். அழுத்தினால் மின்சாரம் அறுபடாது. ஸ்பார்க் பிளக்குக்குப் போக வேண்டியது ஒரு ஒயர் வழியாக இன்ஜின் உடம்புக்குப் போய்விடும். பொறி கிடைக்காமல் இன்ஜின் நிற்கும். அந்த ஒயரை இன்ஜின் உடம்பில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். அழுத்தினேன். நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். திருவானைக்காவலிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்களே என்று, ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் ஓட்டையைக்கூட விடாமல் இன்ஜின் முழுக்க இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டினேன். பெயிண்ட் வழியாக மின்சாரம் போகாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். (அன்றைக்கு நான் லீவு போலிருக்கிறது.)

ஜெனரேட்டரை வாசலில் வைத்து ஓடவிட்டேன். பத்து மணிக்கு வாத்தியார் லக்னப் பத்திரிகையைப் பிரித்தார்.

“மாப்பிள்ளை, வாசலில இருக்கறதைக் கொஞ்சம் நிறுத்துங்கோ. நான் பேசறது எனக்கே கேக்கலை” என்றார் என்னிடம்.

அழுத்தினேன். ஓடியது. மறுபடி அழுத்தினேன். இன்னும் உற்சாகமாக ஓடியது போலிருந்தது. பெட்ரோல் குழாயை மூடப் போனேன்; அதுவும் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்தது. பிளக் மூடியைப் பிடித்து இழுத்தேன். அது ஒரு ஷாக் கொடுத்து என்னைத் தரையில் உட்கார வைத்தது.

“என்ன மாப்பிள்ளை, என்ன ஆச்சு?” என்றார் மாமனார்.

“ஒண்ணுமில்லை மாமா, செக் பண்றேன்” என்றேன், தரையிலிருந்து.

“டேங்க்ல எவ்வளவு பெட்ரோல் இருக்கு?”

“ஃபுல். அஞ்சு மணி நேரம் தாங்கும்.” (இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்ததாக மனைவி வைதேகி இன்றும் சாட்சி சொல்கிறாள்.)

மணி பத்து பன்னிரண்டு. சின்ன மாமனாரின் பிள்ளைகள் நால்வர் எழுந்தார்கள். கோயிலில் பெருமாள் புறப்பாட்டின்போது பல்லக்கு சுமப்பவர்கள்.

“நிக்கலைன்னா போறது. நாம கொண்டுபோய் விட்டுட்டு வருவோம்” என்றான் மூத்தவன் ரகு.

ஷாமியானாவுக்காகக் கொண்டுவந்த மூங்கில்களில் இரண்டை எடுத்து, ஜெனரேட்டரைக் கயிற்றால் கட்டித் தோளில் ஏற்றினார்கள். அந்தத் தோள்களுக்குத் தெரிந்தது ஒரே நடைதான். இடமும் வலமும் மெல்ல அசைந்து, நின்று, மறுபடி அசைந்து, உறுமிக்கொண்டே ஜெனரேட்டர் வீதியில் எழுந்தருளியது. சுவிட்ச் ஒயரின் நீளம் ஒன்றரை மீட்டர் என்பதால், அதைப் பிடித்தபடி நான் முன்னால் நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை அழுத்தினேன்.

மூங்கிலைப் பார்த்த எதிர்வீட்டு மாமி கற்பூரத் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

“இன்னிக்கு என்னடா புறப்பாடு?”

“ஜெனரேட்டர், மாமி.”

“ஏத்திட்டேனே. காட்டாம உள்ள எடுத்துண்டு போப்படாது” என்று கிட்டே வந்தார்.

“மாமி, பெட்ரோல்” என்றான் ரகு. நால்வரும் பல்லக்கு நடையை மறந்து ஓட்டம் பிடித்தார்கள். ஒயரின் மறுமுனையில் இருந்த நானும் ஓடினேன்.

மூலை திரும்பி, சத்தம் வீட்டுக்குக் கேட்காத தூரத்தில் ஜெனரேட்டரை இறக்கினார்கள். என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு நால்வரும் திரும்பிப் போனார்கள். பத்து இருபத்தேழுக்குத் தட்டு மாற்றப்பட்டது. (நான் நேரில் பார்க்கவில்லை. தகவல்: வைதேகி.) பத்து முப்பத்து நான்குக்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: ‘ஸ்க்ரூவுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டணுமாம். ரஞ்சனி சொல்றா.’

ரஞ்சனிதான் நிச்சயிக்கப்பட்ட பெண். பம்ப் செட் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர். ஸ்க்ரூவைக் கழற்றி, பைக் சாவியால் சுரண்டி, ஒயரை மாட்டி, அழுத்தினேன். நின்றது. அந்த நிசப்தத்தில்தான், இவ்வளவு நேரம் நானும் கத்திக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

“அவ பத்து மணிக்கே சொல்ல வந்தா” என்றாள் வைதேகி, நான் வீடு திரும்பியதும். “அவா அத்தைதான், பொண்ணு இன்னிக்கு வாயைத் திறக்கப்படாதுன்னு உக்கார வச்சுட்டா.”

இன்றும் குடும்ப விசேஷங்களில் நான் பேசுவது கொஞ்சம் நீண்டால், நான்கு பேர் எழுந்து துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். வழக்கமாக அத்துடன் நிறுத்திக்கொள்வேன். கண்ணன் மகனின் முதல் பிறந்தநாள் ஆயுஷ்ஹோமத்தன்று மட்டும் நிறுத்தவில்லை. நாற்காலியோடு என்னை வாசல்வரை கொண்டுபோய் இறக்கினார்கள். அன்றைக்கு நான் நடந்தது போலவே ரஞ்சனி முன்னால் நடந்தாள்.