உங்கள் அக்காவின் பட்டத்தைப் பிடித்து நிற்பவன் எழுதுவது

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான், ஆனால் என் இடது முழங்கை அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை, விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். கோபமாக இருக்கும்போது மரியாதையாக எழுதுவது என் வழக்கம். இந்தக் கடிதத்தில் மரியாதை சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டத்தை ஏற்றி அதன் இழுப்பில் தண்ணீர்மேல் ஓடக் கற்றுத்தரும் தங்கள் கடலோரப் பள்ளிக்கு, காற்றுக் காலம் முழுவதும் பயிற்சியாளராக வரும்படி என் மனைவியை அழைத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாக அவளும் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்பே, வேறு ஆள் கிடைத்துவிட்டது என்று தாங்களே அவளிடம் சொல்லிவிட வேண்டும். இதுதான் என் கோரிக்கை. காரணங்களைக் கீழே தருகிறேன். எங்கள் கல்யாணப் படத்தில் எனக்கும் கேமராவுக்கும் நடுவே தலையை நீட்டி, அதை மாப்பிள்ளையே இல்லாத கல்யாணமாக ஆக்கியவர் தாங்கள் என்பது அந்தக் காரணங்களில் சேராது. அதை நான் மறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

போன விடுமுறைக்கு வந்தவர் சும்மா போயிருக்கலாம். முதுகில் சுமந்து வந்த பட்டப் பையை இங்கேயே விட்டுவிட்டு, "அக்கா, விட்டுப்போன கை மறுபடி பழகட்டும். அத்தான் பிடிச்சுக்குவார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். அத்தானைக் கேட்க வேண்டும் என்று தங்களுக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை. பட்டம் என்றால் காகிதமும் குச்சியும் என்று இருந்தவன் நான். இது எங்கள் படுக்கையறையைவிட நீளம். முன்விளிம்பில் தொடை மொத்தத்துக்கு ஒரு குழாய், அதிலிருந்து விலா எலும்புகள்போல் சின்னக் குழாய்கள், எல்லாவற்றுக்கும் பம்பால் காற்றடிக்க வேண்டும். எங்கோ கசிகிறது, முழுக்க அடித்து ஓர் இரவு விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று தாங்கள் போனில் சொல்ல, அவள் அதைக் கூடத்திலேயே செய்யத் தீர்மானித்தாள். விரலால் சுண்டினால் 'டங்' என்று கேட்கும்வரை அடிக்க வேண்டுமாம். சுண்டியது அவள், அடித்தது நான். முடித்தபோது நாற்காலிகள் சமையலறையில் இருந்தன, குளியலறைக்குப் போக நான் பட்டத்துக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து எங்கள் மேல் எதற்கோ குறை சொல்ல வந்த மாடிவீட்டுக்காரர் கதவருகே நின்று பார்த்து, "ஏதோ வேலையா இருக்கீங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை திரும்பி வரவில்லை. தங்கள் பட்டத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

காலையில் பார்த்தால் கசிவே இல்லை. காற்றை இறக்கி மடித்து எடுத்துப்போகலாம் என்றாள். அடித்தவனுக்கு அல்லவா தெரியும் அருமை? அப்படியே எடுத்துப்போகலாம் என்று நான் சொல்ல, வாசலின் இரட்டைக் கதவைத் திறந்து, பிரசவம் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பி அதை வெளியே எடுத்தோம். முன்விளிம்பு காற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளைத் தள்ளிவிடும் என்று அவள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். யாரிடம் சொல்கிறாள்? காப்பீட்டு அலுவலகத்தில், 'திடீரென்று காற்று வந்தது' என்று எழுதுகிறவர்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்வதுதான் என் உத்தியோகம். திடீர்க் காற்று என்று ஒன்று கிடையாது, கவனக்குறைவுதான் உண்டு என்று எழுதி எழுதியே என் தலை நரைத்தது. தெருமுனையில் திரும்பினோம். திடீரென்று காற்று வந்தது.

பட்டமும் நானும் முடிதிருத்தும் கடைக்குள் போனோம். நாற்காலியில், முகமெல்லாம் நுரையோடு, என்னிடம் வேலை கற்றுக்கொண்டு எனக்கே மேலாளராக வந்த அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் பதறிப்போய்க் கத்தியை மேலே தூக்கினார். தூக்கிய வழியில் மீசை இருந்தது. மேலாளர் கண்ணாடியைப் பார்த்தார், பட்டத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "சார், லீவு வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார். பதவி கொடுத்தவர்கள் அவருக்கு நகைச்சுவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு கடற்கரைக்குப் போனோம். அவள் கயிறுகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, தூரத்தில் போய் நின்றாள். நான் முன்விளிம்பின் நடுவில் பிடித்துப் பட்டத்தைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிற்க வேண்டும். துணி படபடப்பதை நிறுத்தி விறைத்ததும் அவள் கட்டைவிரலைக் காட்டுவாள். எறியக் கூடாது, தள்ளக் கூடாது, கையை மட்டும் எடுக்க வேண்டும். கட்டைவிரலைக் காட்டினாள். நான் எடுக்கவில்லை. மறுபடி காட்டினாள். "ஏங்க, விடுங்க" என்று கூப்பிட்டும் பார்த்தாள். நான் சில நடைமுறை விஷயங்களை யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே போய்விட்டால் எரிவாயுக்காரர் வரும்போது வீட்டில் யார் இருப்பது, மாலையில் வந்து அந்த மேலாளர் செய்ததையெல்லாம் யாரிடம் சொல்வது, இப்படி. அதற்குள் பட்டம் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, என்னையும் சேர்த்துத் தூக்கிக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் மணலில் தேய்த்தது. அவள் ஆபத்துக்கு என்று இருக்கும் சிவப்புப் பிடியைத் தள்ளிவிட்டதால் அது உயிர் போனதுபோல் விழுந்தது. ஓடி வந்து என்னைப் புரட்டிப் பார்த்து, மணலைத் தட்டிவிட்டு, "கையை எடுக்கறதுக்கு என்னங்க உங்களுக்கு?" என்றாள். முழங்கை வலிக்கிறது என்றேன். அதற்குப் பிறகு தங்கள் பள்ளியைப் பற்றி அவள் பேசவே இல்லை. பேசியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஆகவே அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். வயதில் மூத்தவன் என்பதால் ஆசீர்வாதம் செய்ய வேண்டியிருக்கிறது, செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவைக் கட்டியவன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, உறையை ஒட்டுவதற்குள் நல்ல காற்று வந்துவிட்டது. உன் அக்கா பையைத் தூக்கினாள், நான் பம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கட்டைவிரலைக் காட்டினாள். கையை எடுத்தேன். பட்டம் மேலே போய் நின்றதும் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார். என்னைப் பார்த்து அல்ல, மேலே பார்த்து. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. திரும்ப எழுத முழங்கை இடம் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறேன் என்றுதான் சொல்வாள். வேறு ஆளை வைத்துவிடாதே. சனி, ஞாயிறுகளில் நான் வந்துவிடுவேன். அந்த இரண்டு நாளும் அவள் பட்டத்தை வேறு யாரும் பிடிக்கக் கூடாது.